தவணை விடுமுறையில் நழுவும் எழுத்தும் எண்ணும்

402இலிருந்து 178ஐக் கழித்தால் 224. நான்காம் தரத்தில் படிக்கும் ஒரு பிள்ளை நவம்பர் மாதத்தில் இந்தக் கணக்கைப் பிழையில்லாமல் செய்கிறது. 2இலிருந்து 8 போகாது. பக்கத்தில் கடன் கேட்டால் அங்கே பூச்சியம். அதையும் தாண்டி நூறின் இடத்துக்குப் போய் ஒன்றை வாங்கி வர வேண்டும். விடுமுறை முடிந்து வந்ததும் அதே கணக்குக்கு அதே பிள்ளை 376 என்று விடை எழுதுகிறது. ஆரம்பப் பிரிவில் கற்பிக்கும் எந்த ஆசிரியருக்கும் இந்த விடை புதிதல்ல. 8இல் 2 போனால் 6, 7இல் 0 போனால் 7, 4இல் 1 போனால் 3. மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்று பாராமல், ஒவ்வொரு நிரலிலும் பெரிய இலக்கத்திலிருந்து சிறியதைப் பிள்ளை கழித்திருக்கிறது.

இதைக் கவனக்குறைவு என்று சொல்லிவிட முடியாது. ஜோன் சீலி பிரவுன், ரிச்சர்ட் பர்ட்டன் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 1978இல் பிள்ளைகளின் கழித்தல் பிழைகளை வகைப்படுத்தினார்கள். அவற்றில் பல ஏதோ ஒரு விதிக்குக் கட்டுப்பட்டவையாக இருந்தன. கடன் வாங்கும் நடுப்படி மறந்துபோன பிள்ளை வெறுமனே நிற்பதில்லை. அந்த இடைவெளியைத் தானே ஆக்கிய ஒரு விதியால் நிரப்பி, முழு நம்பிக்கையோடு மேலே போகிறது. விடுமுறை என்ன செய்கிறது என்பதை விளங்கிக்கொள்ள இந்த 376 போதும்.

மட்டக்களப்பில் அமெரிக்காவைப் போல இரண்டரை மாதக் கோடை விடுமுறை கிடையாது. ஏப்ரலில் புத்தாண்டையொட்டிச் சில நாட்கள், ஒகஸ்டில் சில வாரங்கள், மூன்றாம் தவணை முடிந்ததும் டிசெம்பரில் ஏறத்தாழ ஒரு மாதம் என்பதே நெடுங்கால வழக்கம். காத்தான்குடி, ஏறாவூர், ஓட்டமாவடி முஸ்லிம் பாடசாலைகளுக்கு நோன்பு மாதத்தை ஒட்டித் தனி நாட்காட்டி இருக்கிறது. துண்டு துண்டான விடுமுறைதானே, இதில் என்ன மறந்துபோகும் என்று கேட்கத் தோன்றும். ஆனால் டிசெம்பர் விடுமுறை வருவது வடகீழ்ப் பருவமழையின் உச்சத்தில். வாவி நிரம்பி, அதன் மேற்குப் பக்கமான படுவான்கரையின் தாழ்நிலங்களில் வெள்ளம் நிற்கும் காலம் அது. ஒரு மாத விடுமுறை ஒரு மாதத்தோடு முடியாமல் போன ஆண்டுகள் இந்த மாவட்டத்துக்கு நிறையவே உண்டு.

விடுமுறையால் கல்வி எவ்வளவு தேய்கிறது என்ற கேள்வி நூறாண்டுக்கு மேல் பழையது. 1906இலேயே வில்லியம் வைட் என்பவர் ஒரு சிறு மாணவர் கூட்டத்தை விடுமுறைக்கு முன்னும் பின்னும் கணிதத்தில் சோதித்துப் பார்த்திருக்கிறார். 1996இல் ஹாரிஸ் கூப்பரும் அவரது குழுவினரும் அதுவரை வந்த 39 ஆய்வுகளை ஒன்றுசேர்த்து மதிப்பிட்டார்கள். கோடை விடுமுறை முடிந்து திரும்பும் பிள்ளை சராசரியாக ஒரு மாதப் படிப்பளவு பின்தங்கியிருக்கிறது என்பது அவர்கள் கண்ட முடிவு. வாசிப்பைவிடக் கணிதத்தில் இழப்பு அதிகம். கணிதத்திலும் கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் என்ற செய்முறைகளே முதலில் போகின்றன. மொழியில் முதலில் போவது எழுத்துக்கூட்டல்.

கணிதம் ஏன் முந்திக்கொண்டு போகிறது? எழுத்து பாடசாலைக்கு வெளியிலும் பிள்ளையின் கண்ணில் படுகிறது. பேருந்தின் பெயர்ப்பலகை, கோயில் திருவிழாத் துண்டுப்பிரசுரம், கைபேசித் திரை, மரண அறிவித்தல் என்று எங்கும் எழுத்துத்தான். நெடும் வகுத்தலையோ பின்னத்தையோ அப்படி எந்தத் தெருவிலும் காண முடியாது. பயன்படாத செய்முறை மெல்ல மங்குகிறது. 1885இல் ஹெர்மன் எபிங்ஹவுஸ் பொருளற்ற அசைகளைத் தானே மனனம் செய்து, மறதியின் வேகத்தை அளந்தார். கற்றது முதலில் வேகமாகவும் பிறகு மெதுவாகவும் மங்குவதைக் கண்டார். மறந்ததை மீண்டும் கற்கும்போது முதல் தடவையைவிடக் குறைந்த நேரமே பிடிப்பதையும் கண்டார். பெற்றோர் நினைவில் வைக்க வேண்டியது இந்த இரண்டாவது செய்தி. மறந்தது அழிந்துவிடவில்லை, இடைவெளி விட்டு அடிக்கடி நினைவுக்கு அழைத்தால் அது திரும்பி வரும். நாள்தோறும் பத்து நிமிடம் வாய்ப்பாட்டை நினைவிலிருந்து சொல்லிப் பார்ப்பது, விடுமுறையின் கடைசி நாளில் மூன்று மணி நேரம் கொப்பிக்கு முன்னால் இருத்தி வைப்பதைவிடப் பலன் தரும்.

ஏழெட்டு எவ்வளவு என்று கேட்டதும் 56 என்று தானாக வர வேண்டும் என்று ஆசிரியர்கள் வற்புறுத்துவதற்கும் காரணம் இருக்கிறது. மனம் ஒரே நேரத்தில் கையாளக்கூடிய விடயங்கள் மிகச் சில. 56ஐ விரல் மடக்கித் தேடும் பிள்ளையின் கவனமெல்லாம் அதிலேயே செலவாகிறது. அதற்குள் கணக்கில் தான் எந்தப் படியில் நின்றது என்பது நழுவிவிடும். வாசிப்பிலும் இதுதான் நடக்கிறது. எழுத்தெழுத்தாகக் கூட்டி வாசிக்கும் பிள்ளை வாக்கியத்தின் முடிவுக்கு வரும்போது தொடக்கத்தை மறந்திருக்கும்.

தமிழ்ப் பிள்ளைக்கு இங்கே கூடுதலாக ஒரு சுமை உண்டு. ஆங்கிலத்துக்கு 26 எழுத்து; தமிழுக்கு 247. அவற்றில் பெரும்பகுதி ஒழுங்கான அமைப்புக் கொண்டவைதான். ஆனாலும் கொம்பும் காலும் எழுத்தின் இரு பக்கமும் வந்து உட்காரும் கொ, கோ, கௌ போன்றவையும், ண-ன, ர-ற, ல-ழ-ள மயக்கங்களும் எளிதில் படியாதவை. கன்னட வாசிப்பை ஆராய்ந்த சோனாலி நாக், அந்த எழுத்துத் தொகுதி முழுவதும் பிள்ளையின் வசமாவதற்கு ஆரம்பப் பாடசாலையின் பல ஆண்டுகள் ஆகின்றன என்று காட்டியிருக்கிறார். தமிழும் அதே வகை எழுத்து முறைதான். இரண்டாம் மூன்றாம் தரத்தில் எழுத்துகள் இன்னும் முழுதாக வசப்படாத நிலையிலேயே டிசெம்பர் வந்துவிடுகிறது. அத்தோடு, வீட்டில் பேசும் மட்டக்களப்புத் தமிழ் வேறு, புத்தகத்தின் எழுத்துத்தமிழ் வேறு. புத்தகம் இல்லாத வீட்டில் ஒரு மாதம் முழுவதும் அந்த எழுத்துத்தமிழ் பிள்ளையின் காதில் விழாமலே போகலாம். ஆகவே ஐந்தாம் தரப் பிள்ளையைப் பற்றிக் கவலைப்படும் அளவுக்கு இரண்டாம் தரப் பிள்ளையைப் பற்றியும் கவலைப்பட வேண்டும். நம் வீடுகளில் புலமைப்பரிசில் பரீட்சை நெருங்கும் வரை அந்தக் கவலை எழுவதே இல்லை.

இழப்பு எல்லோருக்கும் ஒரே அளவா? அமெரிக்காவின் அட்லாண்டா நகரில் பார்பரா ஹெய்ன்ஸ் செய்து 1978இல் வெளியிட்ட ஆய்வு, வசதியான வீட்டுப் பிள்ளைக்கும் ஏழை வீட்டுப் பிள்ளைக்கும் இடையிலான தூரம் விடுமுறைக் காலத்திலேயே கூடுதலாக விரிகிறது என்றது. பால்டிமோர் நகரில் 1982இல் முதலாம் தரத்தில் சேர்ந்த பிள்ளைகளை நெடுங்காலம் பின்தொடர்ந்த டோரிஸ் என்ட்விசில், கார்ல் அலெக்சாண்டர் குழுவினரும் இதையே சொன்னார்கள். அவர்கள் அதை ஒரு தண்ணீர்க் குழாயாக விளக்கினார்கள். பாடசாலை நடக்கும்போது குழாய் எல்லோருக்கும் திறந்திருக்கிறது. விடுமுறையில் மூடியதும், வீட்டில் வேறு ஊற்று உள்ள பிள்ளைக்கு மட்டும் தண்ணீர் கிடைக்கிறது.

இந்த முடிவை எல்லோரும் ஏற்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பால்டிமோரில் விடுமுறைக்கு முன்னும் பின்னும் வைத்த சோதனைத்தாள்கள் வேறு வேறாக இருந்ததால் இடைவெளி பெரிதாகத் தெரிந்திருக்கலாம் என்று 2019இல் பால் வொன் ஹிப்பல் வாதிட்டார். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. இழப்பின் அளவு பற்றியும், அது யாருக்கு அதிகம் என்பது பற்றியும் விவாதம் தொடர்கிறது. விடுமுறையில் கற்றலின் வேகம் தடைப்படுகிறது அல்லது பின்னே போகிறது என்பதில் கருத்து வேறுபாடு குறைவு.

ஹெய்ன்ஸின் ஆய்வில் இன்னொரு கண்டுபிடிப்பு உண்டு. விடுமுறையில் ஒரு பிள்ளை எத்தனை புத்தகம் வாசித்தது, பொது நூலகத்துக்குப் போனதா என்பவற்றுக்கும் அதன் முன்னேற்றத்துக்கும் தெளிவான தொடர்பு இருந்தது. நூலகம் வீட்டிலிருந்து எவ்வளவு தூரம் என்பதும் அதில் பங்கு வகித்தது. வாவியை நடுவே வைத்து வாழும் மாவட்டத்தில் தூரம் சிறிய விடயமல்ல. கிழக்கே எழுவான்கரையில் பட்டினம், பெரிய பாடசாலைகள், நூலகங்கள், புத்தகக் கடைகள். மேற்கே படுவான்கரையில் வயலும் மேய்ச்சல் தரையும் சிதறிய கிராமங்களும். 2014இல் மண்முனைப் பாலம் திறக்கப்படும் வரை கொக்கட்டிச்சோலைப் பக்கத்தார் அங்கே வாவியைக் கடக்கப் ‘பாதை’ எனப்படும் மிதவைக்காகக் காத்திருந்தார்கள். பாலம் வந்து பயணம் சுருங்கியது. ஆனாலும் ஒரு கதைப் புத்தகத்துக்காக எட்டு வயதுப் பிள்ளை தனியே பேருந்து ஏறிப் பட்டினம் போகப் போவதில்லை.

எதிர்பாராமல் நீளும் விடுமுறைகளுக்கு வருவோம். 2004 டிசெம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, விடுமுறைக் காலம். நாவலடி, திருச்செந்தூர், டச்பார் என்று கல்லடிக் கரையைக் கடல் அழித்தது. ஜனவரியில் திறக்க வேண்டிய கரையோரப் பாடசாலைகள் சில இடிந்து கிடந்தன. வேறு பல இடம்பெயர்ந்தோர் தங்கும் முகாம்களாகியிருந்தன. 2011 ஜனவரியில் மாவட்டத்தைப் பெருவெள்ளம் மூடியது. 2020 மார்ச் நடுப்பகுதியில் கொவிட் நாடு முழுவதும் பாடசாலைகளை மூடியது. திறப்பதும் மூடுவதுமாக அடுத்த ஆண்டும் கழிந்தது. 2022இல் எரிபொருள் இல்லாமல் மீண்டும் மூடினார்கள்.

இப்படிப்பட்ட முறிவுகள் என்ன விலை கேட்கின்றன என்பதற்கு மிகத் தெளிவான சான்று பாகிஸ்தானிலிருந்து கிடைக்கிறது. 2005 ஒக்டோபர் நிலநடுக்கத்துக்குப் பிறகு அங்கே பாதிக்கப்பட்ட பகுதியில் பாடசாலைகள் சராசரியாக ஏறத்தாழ 14 வாரங்கள் மூடியிருந்தன. நான்கு ஆண்டுகள் கழித்து தாஹிர் அந்திராபி, பெஞ்சமின் டானியல்ஸ், ஜிஷ்ணு தாஸ் ஆகியோர் பிள்ளைகளைச் சோதித்தார்கள். நிலப்பிளவுக்கு அருகில் வாழ்ந்த பிள்ளைகள் ஒன்றரை ஆண்டுப் படிப்பளவு பின்தங்கியிருந்தார்கள். இழந்தது மூன்று மாதம், பின்தங்கியது ஒன்றரை ஆண்டு. பாடசாலை திறந்ததும் ஆசிரியர்கள் பாடத்திட்டத்தைத் தொடர்ந்து நடத்திக்கொண்டு போயிருப்பார்கள். அடிப்படை விட்டுப்போன பிள்ளைக்கு ஒவ்வொரு புதிய பாடமும் இன்னும் எட்டாமல் போயிருக்கும் என்பது ஆய்வாளர்களின் விளக்கம். ஆரம்பக் கல்வியையாவது முடித்த தாய்மாரின் பிள்ளைகளிடம் இந்த இழப்பு காணப்படவில்லை. பட்டதாரித் தாய் வேண்டியிருக்கவில்லை. ஐந்தாம் வகுப்பு முடித்த தாயே போதுமாக இருந்தார்.

இலங்கையின் நிலையும் கவலை தருவதே. மூன்றாம் தரத்துத் திறன்களை வைத்து 2021இல் நடந்த தேசிய மதிப்பீட்டில், எழுத்தறிவில் குறைந்தபட்சத் தேர்ச்சியைத் தொட்டவர்கள் 34 வீதம். எண்ணறிவில் 7 வீதம். யுனிசெப் இந்த எண்களைத் திரும்பத் திரும்ப எடுத்துக்காட்டி வருகிறது. ஆனால் இழந்ததை மீட்கவும் முடியும். தமிழ்நாட்டில் கொவிட் காலத்தில் பிள்ளைகள் இழந்த கற்றலில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு, பாடசாலை திறந்து ஆறு மாதங்களுக்குள் மீண்டு வந்ததை கார்த்திக் முரளிதரன், அபிஜித் சிங், மோரிசியோ ரொமேரோ ஆகியோர் அளந்து காட்டினார்கள். அந்த மீட்சியில் ஏறத்தாழ கால்வாசி, ஊர்த் தன்னார்வலர்கள் மாலையில் வீட்டருகே நடத்திய ‘இல்லம் தேடிக் கல்வி’ வகுப்புகளால் வந்தது. பெரும்பாலும் அந்தந்தத் தெருவிலேயே இருந்த பெண்கள்தான் அந்த வகுப்புகளை நடத்தினார்கள்.

மட்டக்களப்பில் விடுமுறை விட்டதும் பிள்ளை சும்மா இருப்பதில்லை என்பதும் உண்மை. வாவிக்கரையில் தகப்பனோடு இறால் விற்க நிற்கும் ஒரு பத்து வயதுப் பையனைப் பாருங்கள். கிலோ 1,600 ரூபா. ஒருவர் முக்கால் கிலோ கேட்கிறார். அரைக் கிலோ எண்ணூறு, கால் கிலோ நானூறு, ஆக ஆயிரத்து இருநூறு என்று பையன் கண்ணிமைக்கும் நேரத்தில் சொல்கிறான். ஐயாயிரம் ரூபாத் தாளை நீட்டினால் மூவாயிரத்து எண்ணூறைப் பிழையின்றி எண்ணிக் கொடுக்கிறான். அதையே கொப்பியில் 1600 × 0.75 என்று எழுதிக் கொடுத்தால் திகைத்து நிற்கிறான்.

பிரேசிலின் ரெசிஃபே நகரில் தெருவில் தேங்காயும் பழமும் விற்ற ஐந்து பிள்ளைகளிடம் தெரெசினியா நுனெஸ் குழுவினர் கண்டு 1985இல் எழுதியது இதைத்தான். கடையில் கேட்ட கணக்குகளில் 98 வீதம் சரி. அதே எண்களைத் தாளில் கொடுத்தபோது 37 வீதமே சரி. 2025இல் ‘நேச்சர்’ ஆய்விதழில் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ உள்ளிட்டோர், கொல்கத்தாவிலும் டில்லியிலும் சந்தையில் வேலை செய்யும் 1,400இற்கும் மேற்பட்ட பிள்ளைகளை ஆராய்ந்து அதையே மீண்டும் உறுதிசெய்தார்கள். பாடசாலையில் மட்டும் படித்த பிள்ளைகள் சந்தைக் கணக்கில் தடுமாறியதையும் அதே ஆய்வு காட்டியது. இரண்டு அறிவும் ஒன்றையொன்று தாமாகத் தேடிப் போவதில்லை.

அந்தப் பையனுக்கு விடுமுறையில் செய்ய வேண்டிய உதவி சிறியது. அவன் வாயால் சொன்ன கணக்கை இரவில் ஒரு தாளில் எழுதச் சொல்லுங்கள். 800 + 400 = 1200. அதன் கீழே 1600இன் நாலில் மூன்று. அதன் கீழே 1600 × 0.75. மூன்று வரிக்கும் ஒரே விடை என்று அவன் கண்ணால் காணட்டும். தயிர்ச்சட்டி விற்கும் வீட்டிலும், நெல் மூடை ஏற்றும் வீட்டிலும், மட்டக்களப்பிலிருந்து கல்முனைக்குப் போகும் பேருந்திலும் இதற்கு வாய்ப்பு இருக்கிறது. வாய்க்கணக்கைத் தாளுக்குக் கொண்டுவருவதுதான் முக்கியம். அந்த வேலையை யாராவது ஒருவர் பக்கத்திலிருந்து செய்விக்க வேண்டும்.

சின்னப் பிள்ளைகளுக்கு விளையாட்டே போதும். கீதா ரமணியும் ரொபர்ட் சீக்லரும் 2008இல் வெளியிட்ட ஆய்வில், ஏழைக் குடும்பத்து முன்பள்ளிப் பிள்ளைகள் ஒன்று முதல் பத்து வரை வரிசையாக எழுதிய கட்டங்களில் காய் நகர்த்தி விளையாடினார்கள். இரண்டு வாரத்தில் நாலு தடவை, ஒவ்வொன்றும் கால் மணி நேரம். அவர்களின் எண்ணறிவு கூடியது. ஒன்பது வாரம் கழித்தும் குறையவில்லை. விளையாடும் விதத்தில் ஒரு நுட்பம் இருக்கிறது. பாம்பும் ஏணியும் ஆடும்போது காய் 45இல் நிற்கிறது, தாயக்கட்டையில் மூன்று விழுகிறது என்றால், பிள்ளை ‘ஒன்று, இரண்டு, மூன்று’ என்று எண்ணி நகர்த்தினால் பலன் குறைவு. ‘நாற்பத்தாறு, நாற்பத்தேழு, நாற்பத்தெட்டு’ என்று கட்டத்தின் எண்ணையே சொல்லி நகர்த்த வேண்டும்.

வாசிப்புக்கு வருவோம். புத்தகத்தைக் கொடுத்துவிட்டால் போதுமா? ஜேம்ஸ் கிம் என்ற ஆய்வாளர் இதைச் சோதித்தார். விடுமுறையில் புத்தகம் மட்டும் பெற்ற பிள்ளைகளுக்கும் ஒன்றும் பெறாத பிள்ளைகளுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. புத்தகத்தோடு, அதை எப்படி வாசித்து விளங்குவது என்ற ஆசிரியரின் வழிகாட்டலும், வீட்டில் ஒருவர் உட்கார்ந்து கேட்பதும் சேர்ந்தபோதுதான் முன்னேற்றம் வந்தது. ரிச்சர்ட் அலிங்டனும் ஆன் மக்கில்-பிரான்சனும் புளோரிடாவில் மூன்று கோடைகள் தொடர்ந்து, ஏழைப் பிள்ளைகள் தாமே தெரிந்தெடுத்த 12 புத்தகங்களை ஆண்டுதோறும் கொடுத்தார்கள். அங்கே வாசிப்புத் திறன் உயர்ந்தது. தெரிவு பிள்ளையுடையதாக இருப்பதும், புத்தகம் அதன் மட்டத்துக்குப் பொருந்துவதும் முக்கியம்.

கேட்பவருக்கு எழுத்துத் தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை. வாசிக்கத் தெரியாத அம்மம்மாவும் நல்ல ஆசிரியை ஆகலாம். பேரன் ஒரு பக்கத்தை உரக்க வாசித்து முடித்ததும் அவர், “அந்தப் பொடியன் ஏன் மனே திரும்பி வந்தவன்?” என்று கேட்டால், அவன் பக்கத்தைத் திரும்பப் பார்த்தாக வேண்டும். “பிறகு என்ன நடக்கும் எண்டு நினைக்கிறாய்?” என்று கேட்டால் முன்னே யோசிக்க வேண்டும். வாசித்ததை நினைவிலிருந்து திரும்ப எடுத்துச் சொல்வது, இன்னொரு முறை வாசிப்பதைவிட நெடுநாள் நிலைக்கிறது என்று ஹென்றி ரோடிகரும் ஜெஃப்ரி கார்ப்பிக்கும் 2006இல் சோதித்துக் காட்டினார்கள். நாளொன்றுக்கு இருபது நிமிடம் இதற்குப் போதும்.

விடுமுறையை இன்னொரு பாடசாலையாக்கிவிட வேண்டும் என்பது இதன் பொருளல்ல. காலையும் மாலையும் பிள்ளைகளை ரியூசன் கொட்டில்களில் அடைப்பது களைப்பைத்தான் கூட்டும். அங்கே நடப்பதும் பெரும்பாலும் அடுத்த தரத்துப் பாடம். விட்டுப்போன கடன் வாங்கிக் கழித்தலை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. 2008இல் இந்தியாவின் பிகாரில் பிரதம் என்ற கல்வித் தொண்டு அமைப்பின் முறையைக் கொண்டு அரசுப் பள்ளி ஆசிரியர்கள் ஒரு மாதக் கோடை முகாம் நடத்தினார்கள். பிள்ளையின் வயதையும் வகுப்பையும் தள்ளி வைத்துவிட்டு, அது உண்மையில் எந்தப் படியில் நிற்கிறதோ அங்கிருந்து தொடங்கினார்கள். அந்த ஒரு மாதத்துக்கே பலன் தெரிந்தது.

ஊர் சேர்ந்தால் விடுமுறையில் பிள்ளைகளுக்கு இடம் ஒதுக்க முடியும் என்பதற்கு மட்டக்களப்பிலேயே முன்மாதிரி உண்டு. போர் நடந்துகொண்டிருந்த 1996இல் அருட்தந்தை போல் சற்குணநாயகமும் கனடியக் கலைஞர் போல் ஹோகனும் சேர்ந்து வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்காவைத் தொடங்கினார்கள். தமிழ், முஸ்லிம் பிள்ளைகள் கிராமங்களிலிருந்து வந்து கதை சொன்னார்கள், வரைந்தார்கள், நடித்தார்கள். மனக்காயத்தை ஆற்றுவதே அதன் நோக்கம். குண்டுச் சத்தத்துக்கு நடுவே அதைச் செய்ய முடிந்த ஊரில், சனசமூக நிலையத்தில் மாலை ஒரு மணி நேரம் வாசிப்பும் கணக்கும் நடத்துவது முடியாத காரியமல்ல. உயர்தரம் எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்குக் காத்திருக்கும் அக்காமாரும் அண்ணாமாரும் ஒவ்வொரு ஊரிலும் இருக்கிறார்கள்.

ஒக்டோபரைத் தேசிய வாசிப்பு மாதமாக இலங்கை கொண்டாடுகிறது. போட்டிகளும் கண்காட்சிகளும் நடக்கின்றன, நல்லது. ஆனால் பிள்ளைக்குப் புத்தகம் மிகவும் தேவைப்படும் டிசெம்பரில், ஆண்டிறுதிப் பொருட்கணக்கெடுப்புக்காகப் பாடசாலை நூலகத்தின் அலுமாரி பூட்டப்படுகிறது. மூன்றாம் தவணையின் கடைசி வாரத்தில் ஒவ்வொரு பிள்ளையும் தானே பார்த்தெடுத்த நாலைந்து கதைப் புத்தகங்களோடு வீட்டுக்குப் போகட்டும். சில புத்தகங்கள் மழையில் நனையும், சில திரும்பி வராது. அந்த இழப்புக்கு அதிபர் தன் கைப்பணத்திலிருந்து பொறுப்புச் சொல்ல வேண்டியதில்லை என்று மாவட்டத்தின் ஐந்து கல்வி வலயங்களும் எழுத்தில் அறிவித்தால், இந்த ஆண்டே இதைத் தொடங்கிவிடலாம்.